மூன்று பாராட்டு, ஒரு திருத்தம்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சங்கு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம் அது. உள்ளே நுழைந்தால் முதலில் நீராவி முகத்தில் அடிக்கும். அப்புறம் மெஷின் சத்தம் காதில் அடிக்கும். அதையும் தாண்டி ஒன்று அடிக்குமே, அதுதான் இவள் குரல்.

"கை! கையைப் பாரு! உனக்கு என்ன வீட்டுல இன்னொரு கை வாங்கி வச்சிருக்காங்களா?"

சொல்லும்போது சிரிப்பு வரும். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களுக்கு வராது. எத்தனையோ பெண்கள் அவளிடம் திட்டு வாங்கிக் கழிவறையில் போய் அழுதிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கும்பிடு போட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. "வாயா அது, சாக்கடை மூடி திறந்த மாதிரி" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, அடுத்த நிமிஷமே மறுபடி கத்துவாள்.

அவள் கோபக்காரி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் இல்லை. அவள் பயந்தாங்கொள்ளி. அந்த இஸ்திரி உருளையைக் கண்டால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் ரெண்டடி தள்ளித்தான் நிற்பாள். ஆள் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கிற இரும்பு உருளை. உள்ளே கொதிக்கிற நீராவி. இந்தப் பக்கம் ரெண்டு பெண்கள் விரிப்பின் ரெண்டு முனையைப் பிடித்துக் கொடுத்தால், இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் மொடமொடவென்று துப்பும். விரிப்புக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அவள் வேலைக்கு வந்த புதிதில், பழைய மெஷின் ஒன்று பக்கத்தில் நின்ற பெண்ணின் கையை இழுத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். அந்தப் பெண் கத்தவே இல்லை. அதுதான் அவளுக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. யாராவது கத்த வேண்டாமா? அன்றிலிருந்து இவள் கத்த ஆரம்பித்தாள்.

இப்போது இருக்கிற ரெண்டு மெஷினிலும் தடுப்புக் கட்டை ஒன்று உண்டு. உருளைக்கு முன்னால், விரல் அகல இடம் விட்டுத் தொங்கும். கை அதில் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடித்த ஓரம் வைத்துத் தைத்த விரிப்பு பட்டாலும் நின்று தொலைக்கும். நின்றால் உள்ளே மாட்டிய துணி பழுப்பேறிப்போகும், திரும்பவும் துவைக்க வேண்டும், அன்றைய கணக்கு பின்னால் போகும், மேனேஜர் வந்து கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால் பெண்கள் கிழிந்த தலையணை உறையிலிருந்து ஒரு கந்தலைக் கிழித்து அந்தக் கட்டையைத் தூக்கிக் கட்டிவிடப் பார்ப்பார்கள். சங்கு அக்கா பார்த்துவிட்டால் தீர்ந்தது. அந்தக் கந்தலை அவிழ்க்க வைத்து, கட்டினவளை அதே இடத்தில் நிற்க வைத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி அர்ச்சனை. மறுபடி ஒரு மாதத்துக்கு எவளும் அந்தப் பக்கம் கந்தலோடு போக மாட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் தம்பி வந்து, "அக்கா, இவளையும் உங்க கம்பெனியில சேத்து விடேன்" என்று பொண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. சிரித்த முகம், படபடவென்று பேச்சு, எதையும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்கிற கை. தையல் தெரியும், கோலி உருண்டை அளவுக்குச் சின்னதாகத் துணியில் பூப்போடத் தெரியும். "உன் கண்ணு முன்னாடியே இருப்பா, எனக்கும் நிம்மதி" என்றான் தம்பி. அவனுக்கு நிம்மதி, இவளுக்குப் போனது தூக்கம். வேறு இடத்தில் போடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கை சுறுசுறுப்பாக இருக்கிறது என்று மேனேஜர் அவளை உருளையிலேயே போட்டார். அன்றிலிருந்து சங்கு அக்காவின் கத்தலில் பாதி அந்த ஒரு ஜோடிக் கைக்குத்தான்.

"அண்ணி, வீட்டுல தங்கமா இருக்கீங்க, இங்க வந்தா சாமி வந்த மாதிரி ஆடுறீங்களே!" என்று அவள் மூக்கை உறிஞ்சுவாள்.

"உன் புருஷனுக்கு நான் பதில் சொல்லணும்டி. கையைப் பாத்து வேலை செய்."

இந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு புது உத்தரவு வந்தது. மேற்பார்வை வேலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் மேலாண்மைப் படிப்பு ஒன்று முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டுமாம். காட்டாதவர்கள் திரும்பவும் ஈரத்துணி தூக்கப் போகலாம். ஈரத்துணி மூட்டை என்றால் என்னவென்று அவள் முதுகைக் கேட்டால் சொல்லும். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தவள், இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய் உட்கார்ந்தாள்.

டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். கீழே ரப்பர் வாசம், மேலே நீளப் பெஞ்சுகள். பஸ் டிக்கெட் செக்கர் ஒருவர், அழகுநிலையம் வைத்திருக்கும் அம்மா ஒருத்தி, மருந்துக்கடைக்காரர், பாங்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன், இன்னும் சிலர். எல்லோரும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து கொட்டாவி விடுகிறவர்கள். டீச்சர் வயதில் சின்னவள். அக்கறையானவள், குறை சொல்ல முடியாது. அவள் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தொழில், வேலை, மனுஷ சுபாவம் என்று சக்கைப்போடு போடுகிற புத்தகங்களாக ஒரு அலமாரி. ஆளுக்கு ஒன்று. படித்தால் மட்டும் போதாது, அதில் சொல்லியிருக்கிறதை அவரவர் வேலையிடத்தில் செய்து பார்க்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்களில் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். மார்க் அதற்குத்தான்.

ஐயோ, அந்தக் கூத்தைக் கேட்க வேண்டுமே! எதிராளியின் கண்ணை ஆழமாகப் பார்த்துப் பேசினால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று செக்கர் எடுத்த புத்தகம் சொன்னது. அவர் டிக்கெட் எடுக்காத ஒரு ஆளை அப்படிப் பார்க்க, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று அவன் எழுந்து இடம் கொடுத்தானாம். அழகுநிலையத்தம்மா எடுத்த புத்தகம், முடியாது என்று சொல்லப் பழகு என்றது. அவர் பழகிப் பழகி வாடிக்கைக்காரர்களைத் துரத்திவிட்டு, கடைசியில் வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னபோதுதான் வேலை செய்யவில்லையாம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சங்கு அக்காவும் சிரித்தாள். ஆனால் ஒன்றைக் கவனித்தாள். எல்லோரும் கடைசியில், "மொத்தத்துல ரொம்பப் பயனுள்ள புத்தகம் டீச்சர்" என்றுதான் முடித்தார்கள். அப்படி முடித்தவர்களுக்குத்தான் கைதட்டல்.

அவள் முறை வந்தபோது டீச்சர் கேட்டாள், "உங்களை வேலையிடத்துல எப்படிக் கூப்பிடுவாங்க?"

மறைத்துத் தொலைத்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "சங்கு அக்கான்னு கூப்பிடுவாங்க டீச்சர்."

ஹால் அதிரச் சிரிப்பு. டீச்சரும் சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, "அப்ப இது உங்களுக்குன்னே எழுதினது" என்று நீட்டினாள். அட்டையில் ரெண்டு பேர் பல்லெல்லாம் தெரியக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

படித்தாள். எழுத்துக்கூட்டி இல்லை, நன்றாகவே படிக்கத் தெரிந்தவள்தான். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது. குரலை உயர்த்துகிறவர் தன் பலவீனத்தைக் காட்டிக்கொள்கிறார் என்றது. பலர் முன்னால் திட்டு வாங்கியவர் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார் என்றது. அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். கழிவறையில் அழுதவர்கள் ஒவ்வொருத்தியாக ஞாபகத்துக்கு வந்தார்கள். வெட்கமாக இருந்தது. பொய் சொல்லவில்லையே அந்தப் புத்தகம்! பிறகு அதுவே வழியும் சொன்னது. ஒருத்தரைத் திருத்த வேண்டுமா? முதலில் அவரிடம் இருக்கிற நல்லது மூன்றைச் சொல். மனசாரச் சொல். அதன் பிறகு திருத்த வேண்டியது ஒன்றை, தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில் சொல். மூன்று பாராட்டு, ஒரு திருத்தம்.

மறுநாள் அவள் கத்தவில்லை.

கூடம் வெலவெலத்துப் போய்விட்டது. காலையில் வந்தவள், "வாங்கம்மா, எல்லாரும் வந்தாச்சா" என்று சிரித்துவிட்டு நடந்தால் யாருக்குத்தான் பயம் வராது? பாய்லர்காரர் மெதுவாக வந்து, "அக்கா, டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?" என்று கேட்டார். மடிக்கிற பெண்கள் கிசுகிசுத்தார்கள். ரெண்டு நாள் போனதும் பயம் தெளிந்தது. பெண்கள் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். யாரிடமும் வாய் திறக்காத ஒருத்தி, தனக்கு உடம்பு முடியவில்லை என்று தானாக வந்து சொன்னாள். தம்பி பொண்டாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி, இப்பதான் வேலைக்கு வரவே ஆசையா இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் சூட்டோடு சூடாக சங்கு அக்காவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. எல்லாம் நன்றாக இருக்கும்போது ஏன் இப்படிப் பயமாக இருக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. கத்துகிற காலத்தில் பயம் வாய் வழியாக வெளியே போய்விடும். இப்போது போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து குடைந்தது.

அந்தக் கந்தலை அவள் பார்த்தது அடுத்த வாரத்தில்.

தம்பி பொண்டாட்டி நிற்கிற மெஷினில்தான். பூப்போட்ட தலையணை உறையின் கிழிசல். தடுப்புக் கட்டையைத் தூக்கி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. உருளைக்கும் விரலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சங்கு அக்கா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். வாயும் திறந்தது. "அடி" என்கிற வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் தம்பி பொண்டாட்டி திரும்பிப் பார்த்து மலர்ந்து சிரித்தாள். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். பலர் முன்னால் கூடாது. தனியாக. மூன்று பாராட்டு முதலில். சங்கு அக்கா வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் அவள் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் காப்பாற்றியதை இப்போது கத்திக் கெடுத்துவிட்டால், எழுந்து நின்று என்னத்தைச் சொல்வது?

தேநீர் வேளையில் அவளைத் தனியாக, காய்ந்த துணி அடுக்குகிற பக்கம் அழைத்துப் போனாள். மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"உன் கை ரொம்பச் சுத்தம்டி. நீ கொடுக்குற விரிப்பு ஒண்ணுல கூட சுருக்கம் இல்ல."

"நெஜமாவா அண்ணி?"

"நேரத்துக்கு வர்றே. ஒரு நாள் லேட்டில்ல."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்னால அந்த வரிசையே கலகலன்னு இருக்கு."

அவ்வளவுதான், அவள் அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதேவிட்டாள். "எங்கம்மா கூட என்னை இப்படிச் சொன்னதில்ல அண்ணி. நீங்க என்னைப் பிடிக்காமத்தான் திட்டுறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்." நாலாவதாகச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. அழுகிறவள் முதுகைத் தடவிக்கொண்டே, இப்போது எப்படிச் சொல்வது, இப்போது சொன்னால் சொன்ன மூன்றும் பொய் என்று ஆகாதா என்று யோசித்தாள். அதற்குள் தேநீர் வேளை முடிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

நாளைக்கு! அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். மறுநாள் மேனேஜர் கூடவே நின்றார். அதற்கு மறுநாள் தம்பி பொண்டாட்டிக்குத் தலைவலி, பாவம் என்று விட்டாள். போகும்போதும் வரும்போதும் கந்தல் கண்ணில் பட்டது. ஒரு தடவை தானே போய் அவிழ்த்தும் விட்டாள். திரும்பி வருவதற்குள் மறுபடி கட்டியிருந்தது. கட்டினவள் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். அண்ணி விளையாடுகிறாள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. வீட்டில் தட்டில் கை வைத்தால் அந்தக் கைதான் ஞாபகம். குழாயைத் திறந்தால் நீராவிச் சத்தம் மாதிரி கேட்டது. தம்பி வந்து, "என்னக்கா மெலிஞ்சிட்டே?" என்றபோது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

வகுப்பு நாள் வந்தது. எழுந்து நின்றாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கத்துவதை நிறுத்தியதையும், பாய்லர்காரர் டாக்டரைப் பற்றிக் கேட்டதையும் சொன்னாள். சிரித்தார்கள். பெண்கள் பாடுவதைச் சொன்னாள். வாய் திறக்காதவள் வாய் திறந்ததைச் சொன்னபோது டீச்சர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தம்பி பொண்டாட்டி தோளில் சாய்ந்து அழுததைச் சொன்னாள். அழகுநிலையத்தம்மா மூக்கைத் துடைத்தார். பேசப் பேச, சங்கு அக்காவுக்குத் தன் குரலே யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது.

கேள்வி கேட்டவர் செக்கர். சும்மா இருக்கிற மனுஷனா அவர்? "எல்லாம் சரிங்க. மூணு பாராட்டு சொன்னீங்க. அந்த ஒரு திருத்தம், அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா? சொல்லி, அவங்க கேட்டாங்களா?"

கீழே யாரோ டயரை உருட்டுகிற சத்தம். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கட்டை கட்டியிருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று கேட்டிருக்கலாம். அந்த டீச்சர் நிச்சயம் உதவியிருப்பாள். செக்கரே ஏதாவது சொல்லியிருப்பார். ஆனால் எல்லா முகமும் ஈரக்கண்ணோடு இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வயதில் இத்தனை பேர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"சொன்னேங்க. உடனே கேட்டுக்கிட்டாங்க" என்றாள். "மொத்தத்துல ரொம்பப் பயனுள்ள புத்தகம்."

கைதட்டினார்கள், பாருங்கள், அப்படிக் கைதட்டினார்கள்! அவள் உட்கார்ந்தாள். செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லியாகிவிட்டது. இனி காலையில் போனதும் முதல் வேலை அதுதான், என்ன ஆனாலும் சரி என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

காலையில் போனாள். முதல் வேலையாகத்தான் போனாள், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு முன்னாலேயே லாரி வந்துவிட்டிருந்தது. புது ஓட்டல் ஒன்றின் தடித்த விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. உருளை ஓட ஆரம்பித்துவிட்டது. தம்பி பொண்டாட்டி முனையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டை மேலே, கந்தலில்.

சங்கு அக்கா கிட்டே போனாள். நேராகக் கையை நீட்டி அவிழ்த்திருக்கலாம், ஒரு வார்த்தை பேசாமல். செய்தாளா? இல்லை. முதல் நாள் கைதட்டல் காதில் இன்னும் இருந்தது. திருத்தத்தை முறையாகச் சொல்லிவிட்டால் நேற்று சொன்ன பொய்யும் உண்மையாகிவிடும் என்று ஒரு நப்பாசை. சிரித்த முகத்தை வைத்துக்கொண்டாள்.

"காலையிலயே வந்துட்டியா? நல்ல பொண்ணு."

அவள் விரிப்பை நீவிக்கொண்டே சிரித்தாள்.

"இந்தச் சேலை உனக்கு எடுப்பா இருக்கு" என்றாள் சங்கு அக்கா, ரெண்டாவதாக.

மெஷின் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பாராட்டு என்று மட்டும் தெரிந்தது. "என்ன அண்ணி?" என்று ஆசையாக முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். முகம்தான் திரும்பியது. கை அந்தப் பக்கமே, விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டு, உருளையோடு போய்க்கொண்டிருந்தது.

சங்கு அக்கா அதைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஆனால் அந்த வாயில் மூன்றாவது பாராட்டு ரெடியாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டு "கை" வர வேண்டும். வருவதற்குள் அந்தக் கை உள்ளே போய்விட்டது. தம்பி பொண்டாட்டி கத்தவில்லை. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒரு கணம் அப்படியே நின்றது. சிவப்புப் பொத்தான் மெஷினின் மறுகோடியில். சங்கு அக்கா ஓடினாளா, பறந்தாளா, அவளுக்கே தெரியாது. பொத்தானை அடித்தபோது உருளை ஒரு முக்கல் முக்கி நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தால் அப்போது யாருக்கும் பிரயோசனம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி. விரல்கள் இருக்கின்றன, மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தையல் போடுவாளா, பேனா பிடிப்பாளா, பிள்ளை பிறந்தால் தூக்குவாளா, எதற்கும் அவரிடம் பதில் இல்லை. தம்பி சுவரோரம் நின்றான். அக்காவைப் பார்த்து, "நீ பக்கத்துல இருந்தியாமே" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் இருந்ததை நினைத்து ஆறுதலாகத்தான் சொன்னான். அது தாங்கவில்லை அவளுக்கு. முகத்தில் அறைந்திருந்தால் தேவலை.

மருந்து மயக்கத்திலிருந்து தம்பி பொண்டாட்டி கண் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது. சங்கு அக்கா குனிந்தாள்.

"அந்தக் கட்டையை ஏண்டி கட்டினே?" என்றாள். "நான் எத்தனை நாளா சொல்லணும் சொல்லணும்னு..."

"நீங்க பாத்தீங்கல்ல அண்ணி." அவள் மெல்லப் பேசினாள், குழந்தை மாதிரி. "பாத்துட்டுப் பாத்துட்டுச் சிரிச்சீங்க. ஒண்ணும் சொல்லல. அதான் பரவாயில்லைன்னு நெனச்சேன். ஆபத்துன்னா நீங்கதான் விட மாட்டீங்களே."

சங்கு அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மட்டும் இல்ல அண்ணி" என்று அவளே தொடர்ந்தாள். "எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம். பக்கத்து மெஷின்லயும் நான்தான் கட்டிக் கொடுத்தேன்."

பக்கத்து மெஷின். இவளைத் தூக்கிக்கொண்டு வரும்போது நிறுத்தியது இவள் நின்ற மெஷினை மட்டும்தான். மத்தியானத்துக்குள் ஓட்டலுக்குத் துணி போயாக வேண்டும் என்று மேனேஜர் சொன்னது சங்கு அக்கா காதில் விழுந்திருந்தது. இந்த நிமிஷம் அங்கே யாரோ ஒருத்தி, யாரோ ஒருத்தியின் தம்பி பொண்டாட்டி, விரிப்பை நீவிக்கொண்டு நிற்கிறாள்.

சங்கு அக்கா வார்டை விட்டு ஓடினாள். தாழ்வாரத்தில் போன் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் அவள் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் பாய்லர்காரர் எடுத்தார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.

"அக்கா? அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?"

"நிறுத்து! ரெண்டாவது மெஷினை நிறுத்து!"

"என்னக்கா? கேக்கல!"

"கந்தல்! கட்டையைக் கட்டி வச்சிருக்காளுங்க! கையை எடுக்கச் சொல்லு! எல்லாரையும் கையை எடுக்கச் சொல்லு! பாழாப்போன மெஷினை நிறுத்துய்யா!"

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. "அம்மா, இது நோயாளிங்க இருக்கிற இடம், மெதுவாப் பேசுங்க" என்று நர்ஸ் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். சங்கு அக்கா அவளை உதறினாள். கழுத்து நரம்பு புடைக்க, பேர் பேராகச் சொல்லி, ஒவ்வொருத்தியையும் திட்டித் திட்டிக் கையை எடுக்கச் சொன்னாள். தம்பி வாசலில் வந்து நின்று பேயறைந்த மாதிரி பார்த்தான். அந்தப் பக்கம் பாய்லர்காரர் போனைப் பிடித்தபடியே ஓடுகிறார் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. அவரும் கத்தினார். பிறகு மெஷின் சத்தம் இறங்கியது, இறங்கி இறங்கி நின்றது. பெண்கள் ஏதோ பேசுவது கேட்டது.

"நின்னுடுச்சுக்கா" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாம் கையை எடுத்துட்டாளுங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா," பாய்லர்காரர் கேட்டார். திட்டுகிற குரலில் இல்லை, தெரிந்துகொள்கிற குரலில்தான் கேட்டார். "இதை நேத்தே இப்படிக் கத்தியிருக்கலாமே?"